வாடகை வீட்டை வெள்ளையாக்குவது எப்படி?

முதலில் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் ஜன்னல், வெளிச்சம், மன அமைதி என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் வீட்டில் சாம்பார் வைப்பதில்லை போலிருக்கிறது. நம் ஊரில் வெள்ளை வீட்டின் தலையெழுத்தை அஞ்சறைப்பெட்டிதான் எழுதுகிறது.

கைப்பேசியில் அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளை சோபா, மூலையில் ஒரே ஒரு பச்சைச் செடி. அந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் கிடையாது. கொடியில் காயும் துண்டு கிடையாது. தாத்தாவின் மாத்திரை டப்பா, மளிகைக்கடை காலண்டர், நாற்காலியில் மடிக்கக் காத்திருக்கும் துணிக் குவியல் எதுவும் கிடையாது. இந்தக் கையேடு இவையெல்லாம் உள்ள வீடுகளுக்கானது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாடகை போக மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற, ஆனாலும் ஆசை விடாத குடித்தனக்காரர்களுக்கானது.

செலவைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். வெள்ளை நம் ஊரில் காசில்லாதவர்களின் நிறமாக இருந்தது. தாத்தா பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார் என்றால், அவர் கையிலிருந்த காசுக்குச் சுண்ணாம்பு மட்டும்தான் வந்தது. அப்பாவுக்கு நாலு காசு சேர்ந்ததும் கிளிப்பச்சை, ரோஸ், வாடாமல்லி என்று தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி அடித்தார். நாங்களும் ஆளாகிவிட்டோம் என்று ஊருக்கு அறிவிப்பு அது. மகன் படித்து, வேலைக்குப் போய், அந்தக் கிளிப்பச்சையைப் பார்த்துக் கூசிப்போய், கடன் வாங்கித் தாத்தாவின் வெள்ளைக்கே திரும்பி வருகிறான். தாத்தாவுக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்போடு முடிந்த காரியம் பேரனுக்கு மாதத் தவணையாக நிற்கிறது. இடையில் அதற்கு ‘மினிமலிசம்’ என்று ஒரு பெயரும் சேர்ந்துகொண்டது. பெயர் வைத்தால் விலை ஏறும் என்பது வியாபாரத்தின் பாலபாடம்.

பேரனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சண்டிகர் நகரைத் திட்டமிட்டாரே லெ கார்பூசியே, அவர் 1925-ல் வெளியிட்ட ஒரு நூலில், ஒவ்வொரு குடிமகனும் வீட்டிலுள்ள பூப்போட்ட காகிதங்களையும் பட்டுத் திரைகளையும் கழற்றிவிட்டு ரிப்போலின் என்னும் வெள்ளைப் பெயின்டை அடிக்க வேண்டும் என்று சட்டம் போடாத குறையாக எழுதினார். சுவர் வெள்ளையானால் மனமும் வெள்ளையாகிவிடும் என்பது அவர் கணக்கு. அடுத்த இரண்டாவது வருடம், 1927-ல், லண்டனில் எழுத்தாளர் சாமர்செட் மாமின் மனைவி சிரி மாம் தன் வீட்டு வரவேற்பறையை முழுக்க வெள்ளையாக்கிக் காட்ட, சீமான்களும் சீமாட்டிகளும் அதே மாதிரி வேண்டுமென்று வரிசையில் நின்றார்கள். ஆக, நம் தாத்தா வேறு வழியில்லாமல் செய்ததை அவர்கள் வேறு வேலையில்லாமல் செய்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வெள்ளை வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு ஷேட் கார்டைக் கையில் கொடுப்பார். அதில் தந்தம், முத்து, பால், பனி, மல்லிகை, முட்டை ஓடு என்று வெள்ளையிலேயே ஒரு குலம் கோத்திரம் இருக்கும். கணவனும் மனைவியும் அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சண்டை போடலாம். செலவில்லாத பொழுதுபோக்கு என்ற வகையில் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் முடிவைப் பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

“அண்ணே, இது ஐவரி. இதுல லேசா க்ரீம் இருக்கு. இது கொஞ்சம் கிரே அடிக்குது. எது நல்லாருக்கும்?”

“காஞ்சா எல்லாம் வெள்ளதான் தம்பி. டியூப்லைட்ட போட்டா இன்னும் வெள்ள. வேலைய எப்ப ஆரம்பிக்கட்டும்?”

அண்ணன் சொல்வதில் பெரிய தப்பில்லை. சாயம் கலக்காத, டின்னிலேயே வருகிற சாதா வெள்ளையை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் குழந்தை சுவரில் ரயில் வரைந்தால், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை அடிக்க அதே வெள்ளை எந்தக் கடையிலும் கிடைக்கும். கடையில் மெஷினில் கலந்து வாங்கிய ‘விடியற்கால முத்து’ மறுமுறை கலக்கும்போது அச்சாக அப்படியே வராமல் போகலாம். அப்புறம் சுவரில் ரயில் இருந்த இடம் தனியாகத் தெரியும்.

உண்மையிலேயே கையைக் கடிக்காத வெள்ளை வேண்டுமென்றால் சுண்ணாம்புதான். இந்தக் கையேட்டில் விளையாட்டில்லாமல் எழுதும் பகுதி இது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் உத்தமம், இல்லாவிட்டால் கல் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துச் சீறும். அதனால் இரும்பு டிரம்மோ மண் தாழியோ வேண்டும், பிளாஸ்டிக் வாளி ஆகாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பெரிய விபரீதம். தண்ணீர் மேலே நிற்கும்படி ஊறவிட்டு, நன்றாக ஆறியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். பிடிப்புக்கு வடித்த கஞ்சி, கொஞ்சம் உப்பு. சிலர் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள். கடைசியில் துணிக்குப் போடும் நீலத்தில் சில துளி. சுண்ணாம்பில் லேசாக இருக்கும் பழுப்பை நீலம் மறைத்துக் கண்ணுக்கு ‘பளிச்’சென்று காட்டும். வேட்டிக்கு நீலம் போடுகிற அதே ஏமாற்று வித்தைதான்.

சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக அடியுங்கள். அடித்ததும் ஒன்றுமே தெரியாது. வெறும் தண்ணீரைத் தடவிய மாதிரி இருக்கும். பதறிப்போய் இன்னொரு கை கெட்டியாக அப்பினால் காய்ந்தபின் பாளம் பாளமாக உரியும். காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு பழையபடி கல்லாக மாறுகிறது. கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி, கரைத்து, சுவரில் அடித்து, கடைசியில் கிளிஞ்சலாகவே ஆக்கிவிடுகிறோம். இதை வைத்து ஒரு தத்துவ நூலே எழுதலாம். நமக்கு நேரமில்லை, இரண்டாவது பூச்சு அடிக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவருக்கு இன்னொரு குணம் உண்டு, அது மூச்சு விடும். கீழ்த்தளத்தில் ஓதம் ஏறுகிற சுவரில் விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயின்டை அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்பளம் கொப்பளமாகத் தள்ளும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஓதம் நிற்காது என்றாலும் கொப்பளம் இருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாய்ந்தால் முதுகில் ஒட்டும். இதற்குத் தீர்வு, வீட்டில் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வது. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போது கிளிப்பச்சை, அதன்கீழ் ரோஸ், அதன்கீழ் வெளிர்நீலம் என்று உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களின் வரலாறு உரிந்து உரிந்து விழும். கதவு, ஜன்னல் கம்பிகளில் பழைய எனாமல் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு ஈயம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உலர உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்துத் தேயுங்கள். தூசி குழந்தைகளின் மூக்குக்குப் போக வேண்டாம்.

முக்கியமான குறையை ஆரம்பத்தில் சொன்ன டப்பாவோடு சேர்த்துப் படிக்கவும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் ஆண்டாண்டு காலமாகச் செய்து காட்டுகிற ரசாயனம் இதுதான். ஆகவே சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் கை பட்டால் அங்கே மஞ்சளுக்குப் பதிலாக ரத்தக் களறிபோல ஒரு தடம் விழும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் சிவக்கும், சோப்பும் காரம்தானே. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. துணியானால் நனைத்து மொட்டைமாடியில் போடலாம். சுவரை எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவது?

சுண்ணாம்பு வேண்டாம், கௌரவமாக எமல்ஷனே அடிப்போம் என்கிறவர்களுக்குக் கணக்கு இதோ. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். நாலு சுவரும் சேர்ந்து 400 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு ஒரு 50 கழித்து, கூரைக்கு 100 கூட்டினால் 450. இரண்டு பூச்சு என்றால் 900. ஒரு லிட்டர் சுமாராக 120 சதுர அடிக்கு வரும் என்று வைத்தால் ஏழரை லிட்டர். கடையில் ஏழரை லிட்டர் டின் கிடையாது. நாலும் நாலுமாக எட்டு வாங்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கடைக்காரர் பத்து லிட்டர் டின்னைத் தள்ளிவிடுவார். மிச்சத்தில் பால்கனி அடிக்கலாம் என்பார். பால்கனிக்கு எக்ஸ்டீரியர் வேறு என்று வீட்டுக்கு வந்தபின் பெயின்டர் சொல்வார். இதற்கு மேல் பட்டி பார்க்கிற செலவு, ப்ரைமர், கூலி. பெரும்பாலும் பெயின்ட் விலையைக் கூலி தாண்டிவிடும். தாண்டத்தான் வேண்டும், ஏணியில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அடிக்கிறவரின் கழுத்துக்கு வேறு என்ன ஈடு?

ஏன் ஒரு டின் விலை குறைவாகவும் இன்னொன்று மலைக்க வைப்பதாகவும் இருக்கிறது என்று கேட்டால், எல்லாம் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயின்டுக்கு அடியிலிருப்பதை மறைக்கும் சக்தியைத் தருவது இந்த வெள்ளைப் பொடி. இது இல்மனைட் என்னும் கறுப்பு மணலிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளப்படுவதும் அந்த மணல்தான். உலகத்தின் பளீர் வெள்ளை கறுப்பு மணலுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதைச் சிவப்பழகு கிரீம் விற்பவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. விலை குறைந்த பெயின்டில் டைட்டானியத்தைக் குறைத்து, கால்சியம் கார்பனேட் பொடியைக் கூட்டியிருப்பார்கள். இரண்டு பூச்சில் முடிய வேண்டியது மூன்றாகும். கால்சியம் கார்பனேட் வேறொன்றுமில்லை, மேலே சுவரில் கல்லாக மாறியதே, அதுதான். காய்ந்த சுண்ணாம்பு! தாத்தாவின் சுவரைத்தான் டின்னில் அடைத்து, மூடி போட்டு, விளம்பரத்தில் நடிகரை நிறுத்திப் பேரனுக்கு விற்கிறார்கள்.

சுவர் முடிந்தால் துணி. வெள்ளைத் திரைக்குத் திரைச்சீலைக் கடைக்குப் போகவே கூடாது. காடாத் துணி என்று கேட்டு வாங்குங்கள். வெளுக்காத, சாயமேறாத பருத்தி. ஈரோட்டு ஜவுளிச் சந்தைப் பக்கம் யாராவது போனால் சொல்லிவிடுங்கள், மீட்டர் கணக்கில் மலிவாக வரும். அது சுத்த வெள்ளையாக இல்லையே என்றால், ஷேட் கார்டில் இதே பழுப்புக்குத்தான் தனிப் பெயர் வைத்து அதிக விலை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயப்போடாவிட்டால், முதல் சலவையில் சுருங்கித் திரை ஜன்னலின் முழங்காலுக்கு ஏறிவிடும். அதுவும் முடியாதென்றால் பீரோவில் பாருங்கள். கல்யாண வீடுகளில் வைத்துக்கொடுத்த எட்டு முழ வேட்டிகள் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். ஒரு ஜன்னலுக்கு ஒரு வேட்டி தாராளம். கரை கீழே வருமாறு தொங்கவிடுங்கள். எந்தக் கட்சிக் கரை என்று பார்த்துத் தொங்கவிடுவது உங்கள் பொறுப்பு. தேர்தல் நேரத்தில் வெறும் வேட்டிதான் நல்லது.

மரச்சாமான் விஷயத்தில் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்களிடம் வெள்ளைச் சாமான் ஏற்கெனவே இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி! வெள்ளை அலங்காரத்துக்கு இதைவிட எளிய, இதைவிட நாணயமான பொருள் கிடையாது. அதை எடுத்து மாடிப்படிக்கடியில் ஒளித்துவிட்டு வெள்ளை சோபாவுக்குத் தவணை கட்டுவது வீண். பச்சை பீரோவை வெள்ளை எனாமல் அடித்து மாற்றலாம் என்று தோன்றும். அடியுங்கள். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். படுக்கையறை இருட்டு மூலையில் நிற்கிற பீரோ இரண்டு வருடத்தில் நெய் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது அதற்கு ‘ஆன்டிக் ஐவரி’ என்று பெயர் சொல்லிச் சமாளிக்கலாம்.

பல்பு வாங்கும்போது மட்டும் அட்டையைப் படியுங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் உங்கள் வெள்ளை நீலம் பாய்ந்து மருந்துக்கடை மாதிரி இருக்கும். 3000 என்றால் சுவர் முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி. 4000 நடுவாந்தரம். இவ்வளவு செலவழித்து வெள்ளையடித்துவிட்டுத் தப்பான பல்பைப் போட்டால், சுவர் என்ன நிறம் என்பதைப் பல்பு முடிவு செய்யும்.

இனி பராமரிப்பு. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் தடம், கட்டில் தலைமாட்டில் நல்லெண்ணெய்த் தலை சாய்ந்த வட்டம், அடித்த கொசுவின் கடைசிக் கையெழுத்து, டியூப்லைட் பக்கத்தில் பல்லியின் நன்கொடை, ஊதுபத்தி மூலையில் புகைக் கோடு. நிலைவாசலில் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம். ஆயுத பூஜை அன்று ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி என்று வெள்ளையாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பொட்டு காய்ந்து, குங்குமத்தின் சாயம் ஊறி, அடுத்த ஆயுத பூஜை வரை அதே இடத்தில் இருக்கும். இதையெல்லாம் ஈரத்துணியால் உடனுக்குடன் துடைத்துவிட்டால் போதும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. யார் துடைப்பது என்று ஒரு கையேடும் சொல்லவில்லை. வெள்ளை வேண்டும் என்று படத்தைக் காட்டியவர் ஒருவராகவும் துணியைப் பிழிந்துகொண்டு நிற்பவர் இன்னொருவராகவும் இருப்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலவரம். லெ கார்பூசியே போட்ட சட்டத்திலும் இந்த ஷரத்து விட்டுப்போயிற்று. குறைந்த செலவு என்று நாம் போடும் கணக்கில் அந்த ஆளின் கூலி எப்போதும் சைபர். ஆகவே இந்தக் கையேட்டின் கண்டிப்பான விதி: வெள்ளை கேட்டவரே துணியையும் எடுக்க வேண்டும். ஒப்புக்கொள்ள மனமில்லையா, அப்பாவின் கிளிப்பச்சையே தேவலாம். அது எத்தனை கையையும் தாங்கும்.

ஓர் உபரித் தகவல். கையில் இருப்பது கொஞ்சம் காசுதான், அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வெள்ளையடிக்க முடியும் என்றால், மொட்டைமாடித் தரையில் அடியுங்கள். யாரும் வந்து பார்த்து ‘அழகா இருக்கே’ என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்பி, சித்திரையில் மேல்மாடி அறையின் சூட்டைச் சில டிகிரி குறைக்கும். வெள்ளையால் நேரடியாகக் கிடைக்கும் லாபம் இதுதான். தாத்தா ஓட்டுவீட்டிலோ கூரைவீட்டிலோ இருந்ததால் அவருக்கு இது தேவைப்படவில்லை. கான்கிரீட் தளத்தின் கீழ் கிடந்து வேகிற நமக்குத் தேவைப்படுகிறது.

எல்லாம் முடிந்து வீடு தும்பைப்பூவாக நிற்கும்போது வீட்டு உரிமையாளர் ஒருநாள் எட்டிப்பார்ப்பார். “நல்லா வெச்சிருக்கீங்களே!” என்பார். அந்தப் பாராட்டின் முழு அர்த்தம் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையாக ஏறும்போது தெரியும். காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பல ஊர்களில் எழுதாத வழக்கம். நீங்கள் உங்கள் காசில் அடித்த வெள்ளையின் மேல் அவர் அடிக்கப்போகும் வெள்ளைக்கும் நீங்களே கட்ட வேண்டும்.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று இருக்கிறது. எனவே பெயின்ட் கடைக்குப் போகும் முன் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, அதில் வெள்ளையடிப்பு யார் தலையில் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.